55 பவுண்டு வில், 43 பவுண்டு கை: ஒரு பரிசு வில்லின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு இதுதான். அக்காவின் கணவருக்கு, நான் அத்தான் என்று கூப்பிடுபவருக்கு, ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. இருபது வருடமாக வில்லோடு காட்டுக்குப் போகிறவர். உரிமம், பருவம் எல்லாம் முறைப்படி. ஆனால் அவர் கையில் எப்போதும் இருந்தது காம்பவுண்ட் வில், அதாவது இரண்டு முனையிலும் கப்பி வைத்த உலோக எந்திரம். "ஒரு தடவையாவது மரவில்லோட போகணும் மாப்ளே" என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரே கட்டையில் செதுக்கிய வேட்டை வில் ஒன்றை அவருக்குத் தெரியாமல் செய்து பிறந்தநாளன்று கையில் கொடுத்துவிட வேண்டும். நாலு மாதம் இருந்தது.

அந்த நாலு மாதத்தில் இரண்டு கட்டை செலவானது. ஒன்று ஒடிந்தது. மற்றது நல்ல வில்லாக வந்தது, ஆனால் அத்தானுக்கு ஆகாத வில்லாக. முதல் தவறு மரத்தில் நடந்தது, அது வில் செய்கிற யாருக்கும் நடக்கக்கூடியது. இரண்டாவது தவறு, கட்டையில் கத்தி படுவதற்கு முன்பே நடந்துவிட்டது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அளவு எடுத்த விதம்

வில் செய்ய இரண்டு எண் தெரிய வேண்டும். ஆள் நாணை எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது ஒன்று, அது அங்குலத்தில். அந்தத் தூரத்தில் எவ்வளவு விசையைத் தாங்குவார் என்பது இன்னொன்று, அது பவுண்டில். தனக்கே வில் செய்துகொள்கிறவருக்கு இந்த எண்கள் உடம்பிலேயே இருக்கின்றன. செதுக்கும்போதே இழுத்துப் பார்த்துவிடலாம். அதற்கு முன் நான் செய்த ஐந்தாறு வில்லும் எனக்காகச் செய்துகொண்டவை. அதனால் அளவெடுப்பது தனியாக ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ரகசியம் கெடக்கூடாதே என்று அக்காவைக் கூட்டுச் சேர்த்தேன். "சட்டை தைக்கக் கொடுக்கணும், கையை விரிங்க" என்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்கு அளந்துவிட்டாள். எந்தத் தையற்காரர் இப்படி அளப்பார் என்று அத்தான் கேட்கவே இல்லை. 72 அங்குலம். இந்த விரிப்பை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் கிடைக்கும் என்பது வில்லாளிகளிடம் புழங்கும் கணக்கு. 28.8 வந்தது. அப்புறம் ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, அவருடைய காம்பவுண்ட் வில்லில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். இழுப்பு 29, இழுவிசை 60.

இரண்டு வழியிலும் ஒரே விடை வந்ததும் எனக்குச் சந்தேகமே எழவில்லை. 60 பவுண்டு இழுக்கிறவர், மரவில் என்பதால் கொஞ்சம் குறைத்து 55 வைப்போம். '29 அங்குலத்தில் 55' என்று ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். நாலு மாதமும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வேலை செய்தேன்.

ஒடிந்த கட்டை

முதல் கட்டை ஓசேஜ் ஆரஞ்சு. வட அமெரிக்க மரம், வெட்டின புதிதில் பளிச்சென்ற மஞ்சள், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். ஒரே கட்டையில் செய்யும் வில்லுக்கு இதற்கும் யூ மரத்துக்கும் ஈடான மரங்கள் குறைவு. ஆனால் வேலை வாங்கும்.

ஏன் என்று புரிய, வில்லின் முதுகும் வயிறும் தெரிய வேண்டும். வில்லைப் பிடித்து நின்றால் இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. குனிகிற ஆளை நினைத்துக்கொண்டால் மறக்காது. குனியும்போது முதுகுத் தோல் இழுபடுகிறது, வயிறு மடிந்து நசுங்குகிறது. வில்லிலும் அதேதான். மரம் நசுங்குவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வரிவரியாகச் சுருங்கி எச்சரிக்கை கொடுக்கும். இழுபடும் பக்கம் அப்படி இல்லை. அங்கே நார் ஒன்று விட்டுப்போனால் பக்கத்து நாரும் போகும், கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் முதுகில் இருக்கும் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். அதற்கு ஒரே வழி, மரத்தின் ஆண்டு வளையம் ஒன்றை முழுநீளத்துக்கும் கீறாமல் முதுகாக விடுவது.

ஓசேஜில் பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிறை, அதாவது வெளிப்பக்க இளமரத்தை, முழுக்கச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் கெட்டியான வைரமரத்துக்குள் ஒரு வளையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் பிடி உள்ள இழுப்புக் கத்தியை மார்பை நோக்கி இழுத்துச் சீவினால், வளையத்துக்கு வளையம் சத்தம் மாறும். வசந்தத்தில் வளர்ந்த பகுதி ஓட்டை ஓட்டையாக இருப்பதால் மொறுமொறுவென்று உதிரும். கோடையில் வளர்ந்த கெட்டிப் பகுதிக்கு வந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் அடங்கிவிடும். கண்ணைவிடக் காதுதான் அங்கே உதவி. இது எனக்குப் பிடித்த வேலை. இரண்டு மாலை முழுக்க அதிலேயே போனது.

கணு வந்தால்தான் தலைவலி. கணுவைச் சுற்றி வளையம் சின்ன மேடாக எழும்பியிருக்கும். மேட்டை மேடாகவே விட்டுவிட்டு, கத்தியை எடுத்து வைத்து, சுரண்டு தகட்டால் அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பிடிக்கு மேலே பத்து அங்குலத்தில் அப்படி ஒரு கணு. பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று கத்தியையே போட்டேன். மேட்டின் தலை போய்விட்டது. உளுந்து அளவுதான். விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அழகாகக்கூட இருந்தது.

அப்புறம் செதுக்கி, நாணேற்றி, சிறிது சிறிதாக இழுத்துப் பழக்கினேன். ஒருநாள் 20 அங்குலம் வந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் சொடுக்கியது போல. வில்லைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நாண் குதையில், அதாவது அதை மாட்டுகிற முனை வெட்டில், சரிந்து உட்கார்ந்த சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து 22 அங்குலத்தில் ஒடிந்தது. சுவரில் மாட்டிக் கயிறு கட்டிப் பத்தடி தள்ளி நின்று இழுத்துக்கொண்டிருந்ததால் மேல் துண்டு என் மேல் வராமல் கூரையில் போய் இடித்தது. கையில் வைத்து இழுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைக்க வேண்டியிருக்கும்.

ஒடிந்ததற்கு மூன்று காரணம் இருக்கலாம். மரம் மிதமிஞ்சிக் காய்ந்திருக்கலாம், பழக்காமல் அவசரப்பட்டு இழுத்திருக்கலாம், முதுகு வளையம் அறுபட்டிருக்கலாம். ஈரமானியில் 9 விழுக்காடு காட்டியது, வில் மரத்துக்கு அது சரியான அளவு. வயிற்றுப் பக்கத்தில் நசுங்கல் வரி ஒன்றுகூட இல்லை, ஆகவே வளைவு ஓரிடத்தில் குவிந்து மீறவில்லை. முறிவு தொடங்கிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விடை கிடைத்தது. தலை போன அந்த மேட்டில், வளையத்தின் ஓரம் சின்னத் தீவு போல ஒரு வட்டம் போட்டிருந்தது. வரைபடத்தில் மலைக்குப் போடுகிற உயரக் கோடு மாதிரி. நீளமான சிலும்பு அந்தத் தீவின் கரையில் கிளம்பி, சாய்வாக உள்ளே இறங்கி, மறுபக்கம் வெளியே வந்திருந்தது. அந்த 'டிக்' சத்தம் அங்கே முதல் நார் விட்ட சத்தம். அன்றைக்கே நிறுத்தி, பசையை ஊறவிட்டு நூல் சுற்றியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும்.

உடைந்த துண்டை எறியவில்லை. மூலையில் சாத்தினேன்.

இரண்டாவது கட்டை

மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் பிளந்து, முனைகளில் பசை பூசி, ஒரு வருடத்துக்கு மேல் உலர வைத்திருந்த ஹிக்கரிக் கட்டை ஒன்றைக் கொடுத்தார். ஹிக்கரியில் வளையம் தேடும் வேலை கிடையாது. பட்டையை உரித்தால் அடியில் இருப்பதே முதுகு. வளர்கிற பருவத்தில் வெட்டிய மரத்தில் பட்டை தோல் போலக் கழன்று வந்துவிடும். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் கத்தி வைக்கவே கூடாது. நானும் வைக்கவில்லை. இழுபடுவதைத் தாங்குவதில் ஹிக்கரியை மிஞ்சும் மரம் அபூர்வம். அதன் குறை ஈரம். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டு மந்தமாகிவிடும், வளைத்த வளைவிலேயே கொஞ்சம் நின்றுவிடும். அதனால் முரட்டு வடிவம் செதுக்கியதும் தினமும் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். மூன்று நாள் எடை மாறாமல் நின்ற பிறகுதான் வளைக்க ஆரம்பித்தேன்.

அளவுகள்: முனையிலிருந்து முனைக்கு 68 அங்குலம். பிடி 4 அங்குலம், அது வளையாது. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை வில்லின் கைகள் என்போம். பிடி முடிந்து கை தொடங்கும் இடத்தில் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம், பாதிக் கை வரை அதே அகலம், அங்கிருந்து முனைக்குப் போகப் போக அரை அங்குலமாகக் குறையும். கனம் சுமார் அரை அங்குலம்.

இந்தக் கனம்தான் வில்லின் உயிர். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனம் அப்படி நேராக நடக்காது, மும்மடிப் பெருக்கத்தில் போகும். பத்தில் ஒரு பங்கு கனம் குறைந்தால் கால்வாசிக்கும் மேல் விறைப்பு போய்விடும். வில் செய்கிறவர்கள் கடைசிக் கட்டத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டோடு மட்டும் உட்காருவது இதனால்தான்.

வளைவு பார்த்துச் சீவுகிற வேலைக்கு டில்லரிங் என்று பெயர். வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் படுக்க வைத்து, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்து, இரண்டு கையும் ஒரே மாதிரி, ஒவ்வொரு கையும் நீளம் முழுக்கச் சீராக வளைகிறதா என்று பார்ப்பது. எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் சுரண்டுவது. சுரண்டியதும் முப்பது தடவை இழுத்து விடுவது, ஏனென்றால் எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. மறுபடி பார்ப்பது. இப்படி 12 அங்குலம், 15, 18 என்று ஏறுவது. நினைத்த இழுவிசையை எந்தக் கட்டத்திலும் தாண்டி இழுக்காமல் இருப்பது. இவ்வளவுதான் கலை. மீதி எல்லாம் பொறுமை.

18 அங்குலத்தில் கீழ்க் கையில் ஒரு முழங்கை தெரிந்தது. பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அங்கே மட்டும் வில் மடிந்தது. கண்ணை நம்பாமல், ஆறு அங்குலக் கட்டை ஒன்றின் நடுவே துளை போட்டுப் பென்சில் சொருகி, வளைத்து வைத்த வில்லின் வயிற்றில் அதை ஓட்டிப் பார்த்தேன். விறைப்பான இடங்களில் பென்சில் உரசிக் கோடு போடும், நன்றாக வளையும் இடத்தில் தொடாது. கை முழுக்கக் கோடு விழுந்தது, அந்த இரண்டு அங்குலத்தில் மட்டும் வெறும் மரம். முன்தினம் அரத்தை அழுத்திய இடம்.

இதற்கு மருந்து ஒன்றுதான். நோஞ்சான் இடத்தை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கம் முழுக்க மெலிய வைக்க வேண்டும், அப்புறம் மேல் கையையும் அதற்கு ஈடாக இறக்க வேண்டும். அதாவது பலவீனத்தைச் சரிக்கட்ட முழு வில்லும் பவுண்டு கொடுக்கும். கையிருப்பாக வைத்திருந்த விசை எல்லாம் இதில் போனது. நாணைக் கழற்றினால் வில் இரண்டு அங்குலம் வளைந்தே நின்றது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் வயிற்றைப் பழுப்பு நிறம் வரும் வரை வாட்டி, நேராக்கிக் கட்டி வைத்து, போன ஈரம் திரும்ப ஒரு வாரம் விட்டேன். வாட்டிய மரம் நசுங்கலை இன்னும் நன்றாகத் தாங்கும், இரண்டொரு பவுண்டும் ஏறும். கடைசியில் 29 அங்குலத்தில் 55 பவுண்டு. நிற்கும் வளைவு ஓர் அங்குலம்தான். தாளில் இருந்த எண் தராசிலும் வந்துவிட்டது என்று அன்று எனக்கு ஒரே குஷி.

மெருகு வேலையை விவரிக்க ஒன்றுமில்லை. முனைகளில் குதை வெட்டினேன். டாக்ரான் நூல் 14 இழையை இரண்டு பிரியாக முறுக்கித் தேன்மெழுகு தேய்த்து நாண் ஆக்கினேன். பிடியில் தோல் சுற்றினேன். ஆளிவிதை எண்ணெய் நாலு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும். இது பல பட்டறைகளை எரித்த விஷயம்.

பிறந்தநாள்

அத்தானுக்குப் பேச்சே வரவில்லை. முதுகைத் தடவினார், பட்டைக்கு அடியில் இருந்த மேடுபள்ளம் அப்படியே இருந்ததில் விரலை ஓட்டினார். "இது நீ பண்ணதா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார், ஏதோ அவள் செய்தது போல. எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். அம்பு தொடுத்தார், இழுத்தார்.

காம்பவுண்ட் பழக்கத்தில் வேகமாக இழுத்தார். 20 அங்குலம் வரை சரளமாக வந்தது. 25இல் இடது தோள் நடுங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் ஒரு அங்குலம் போயிருப்பார். முகம் சிவந்துவிட்டது. "எங்க மாப்ளே, இது எப்ப இளகும்?"

இளகாது என்பதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்பு நாணிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. நாண் இன்னும் அவர் மூன்று விரலில், வெறுமையாக.

"அத்தான், விட்டுடாதீங்க! அப்படியே மெதுவா இறக்குங்க!"

இறக்கிவிட்டார். அம்பு இல்லாமல் விட்டிருந்தால், அம்பு எடுத்துப்போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பியிருக்கும். மூன்று மாத வேலை பிறந்தநாளன்றே இரண்டாகியிருக்கலாம். அப்புறம் நாலைந்து அம்பு விட்டார். ஒவ்வொன்றையும் பாதி இழுப்பிலேயே, பயந்து பயந்து விட்டார். "அருமையா இருக்கு மாப்ளே" என்றார். அந்தத் தொனி எனக்குத் தெரியும். அளவு பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு சொல்கிற அருமை அது.

எங்கே பிசகியது

அன்று ராத்திரி எனக்கு உறைத்தது. இரண்டு வழியில் ஒரே விடை வந்ததே, இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகம்.

காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டு என்பது இழுப்பின் நடுவில் ஒரு கணம் தாண்டுகிற உச்சம். கப்பி திரும்பியதும் முக்கால்வாசி விசை கழன்றுவிடும். முழு இழுப்பில் அவர் தாங்கிப் பிடித்து நிற்பது 15 பவுண்டு, ஏழு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. மரவில்லில் உச்சம் என்பதே கடைசி இடம். எந்த இடத்தில் நின்று குறி பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் முழு 55 பவுண்டும், 25 கிலோ, மூன்று விரலில் தொங்கும். 60இலிருந்து 55க்கு இறக்கியதாக நான் நினைத்தேன். அவர் கைக்கு அது 15இலிருந்து 55க்கு ஏற்றம்.

இழுப்பும் அப்படியே. காம்பவுண்டில் ஓர் இடத்தில் வில் சுவர் போல நிறுத்திவிடும். அவர் விரலால் இழுப்பதுகூட இல்லை, மணிக்கட்டில் கட்டிய விசைப்பிடி நாணைக் கவ்வுகிறது. கை தாடையைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கிறது. விரலால் இழுக்கிறவர் வாயோரத்தில் நிறுத்துவார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவார், தோளைக் குறுக்குவார். 72ஐ 2.5ஆல் வகுக்கிற கணக்கு, நிமிர்ந்து கையை முழுக்க நீட்டி நிற்கும் உடம்புக்கு உத்தேசமாகப் பொருந்தும். மரத்தின் பின்னால் பதுங்கி நிற்கிறவருக்குப் பொருந்தாது.

1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த யூ வில்கள் பலவும் 100 பவுண்டைத் தாண்டியவை என்று கணித்திருக்கிறார்கள். அதைப் படித்தவனுக்கு 55 ஒரு பொருட்டாகத் தெரியாது. அந்த வில்லாளிகள் சின்ன வயதிலிருந்து அதற்கென்றே பழகியவர்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த சுமார் 5,300 வருடத்துக்கு முந்தைய மனிதரை, எட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவரை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் கிடந்த யூ வில், அவரைவிட உயரமாக 1.82 மீட்டர், இன்னும் செதுக்கி முடிக்காதது. அம்பறாத்தூணியில் 14 அம்பு, அதில் முடித்தவை இரண்டே. மற்றவற்றை வழியில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம் என்று எடுத்துப்போயிருப்பாரோ என்னவோ. அவர் வில்லுக்கு அளவுகோல் கூடவே நடந்து வந்தது. நான் அளவுகோலை அக்காவிடம் கொடுத்தனுப்பியவன்.

ரகசியம் காக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அவர் கையில் ஒரு மரவில்லைக் கொடுத்து ஒரு தடவை இழுக்கச் சொல்வதைத் தவிர்த்தேன். அதைச் செய்ய பிறந்தநாள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. என்னுடைய பழைய 25 பவுண்டு பயிற்சி வில் எப்போதும் பட்டறையில் தொங்குகிறது. வீட்டுக்கு வந்த அன்று "சும்மா இழுத்துப் பாருங்க அத்தான்" என்றால் போதும், முடிந்தது.

அரை மில்லிமீட்டர்

அடுத்த வாரம் அதைத்தான் செய்தேன். ஒரு அம்பின் தண்டில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தப் பயிற்சி வில்லில் பத்து தடவை இழுக்கச் சொன்னேன். முதல் மூன்றைக் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துவார்கள். மீதி ஏழும் 27ஐ ஒட்டி, கால் அங்குலம் முன்பின். 29இல் 55 காட்டும் வில், 27இல் ஏறக்குறைய 49 காட்டும்.

49ஐ அவர் இழுக்க முடியாது என்றில்லை. மூன்று மாதம் பழகினால் தோட்டத்தில் நின்று இழுத்துவிடுவார். வேட்டையில் நிலைமை வேறு. குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, மரத்துப்போன தோளோடு, சத்தமில்லாமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரத்தில் பாதி இழுத்து விட்ட அம்பு விலங்கைக் கொல்லாது, புண்படுத்தி ஓடவிடும். வேட்டை வில் செய்கிறவர் பயப்பட வேண்டியது அதற்கு. வேட்டை அம்பின் முனை மோதிக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. சவரக்கத்திக் கூர்மையும் கனமான தண்டும் கிட்டத்தில் எய்கிற பொறுமையும் இருந்தால் மானுக்கு 40 பவுண்டு சொச்சம் போதும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் இடத்துக்கு இடம் 35, 40, 50 என்று மாறும். அவர் போகும் பகுதியில் 40. ஈரமான நாளில் ஹிக்கரி இரண்டொரு பவுண்டு இறங்கும், அதற்கு இடம் விட்டு 43 என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம்.

49இலிருந்து 43 என்றால் எட்டில் ஒரு பங்கு விறைப்பு போக வேண்டும். கனக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நாலு. அரை அங்குலக் கட்டையில் அது அரை மில்லிமீட்டர். இவ்வளவு அமளியும் ஒரு நகக் கனத்துக்கு. நல்லவேளை, தவறு கனமான பக்கம் நடந்தது. மரத்தை எடுக்கலாம், ஒட்ட முடியாது. 27 வரும் என்று நினைத்துச் செய்து அவர் 29 இழுக்கிறவராக இருந்திருந்தால், அங்குலத்துக்கு அங்குலம் ஒடிவதை நோக்கித்தான் அந்த வில்லை இழுத்திருப்பார்.

வயிற்றிலிருந்த எண்ணெய்ப் பூச்சு முழுக்கப் போனது. இரண்டு மாலை ஆனது. சுரண்டுவது அத்தான், பார்த்துச் சொல்வது நான். தகட்டை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று தெரிய அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. முதலில் தூள்தான் வந்தது. பிறகு தகடு கடிக்க ஆரம்பித்து, வெங்காயத் தோல் போன்ற மெல்லிய சுருள் ஒன்று கழன்று அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பவுண்டு இருக்கும்?" என்றார். பத்துச் சுருளுக்கு ஒரு தடவை நாணேற்றி முப்பது தடவை இழுத்தோம். அவரேதான் இழுத்தார், அவர் தோள் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. 45 வந்ததும் அவர் போதும் என்றார். நான் இன்னும் கொஞ்சம் என்றேன். 43இல் முதல்முறையாக வாயோரத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, நிதானமாக இறக்கினார்.

அம்பும் மாற வேண்டியிருந்தது. 55க்கென்று எடுத்த தண்டுகள் 43க்கு விறைப்பு அதிகம். நாணை விட்டதும் அம்பு பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் போக வேண்டும். விறைத்த அம்பு வளையாமல் வலக்கையருக்கு இடப்பக்கமாக ஒதுங்கும். தண்டை மாற்றாமல் முனையை மட்டும் 100 கிரெயினிலிருந்து (அம்பு முனையை நிறுக்கும் சின்ன எடை அளவு) 145க்குக் கனமாக்கினோம். முன்பாரம் கூடினால் தண்டு அதிகம் வளையும். ஒதுங்கல் நின்றது.

இப்போது அந்த வில் முந்நூறு அம்புக்கு மேல் விட்டிருக்கிறது. நிற்கும் வளைவு ஒன்றேகால் அங்குலம், இழுவிசை 27இல் 42க்கும் 43க்கும் நடுவே. வயிற்றில் வரி இல்லை, முதுகில் சிலும்பு இல்லை. காட்டுக்கு இன்னும் எடுத்துப் போகவில்லை. 15 மீட்டரில் ஆறு அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் விழ ஆரம்பித்தால் அடுத்த பருவத்துக்கு என்று அவரே கெடு வைத்திருக்கிறார்.

அந்த இரண்டாவது மாலை, கிளம்பும்போது பட்டறை மூலையில் சாத்தியிருந்த ஓசேஜ் துண்டை அத்தான் பார்த்துவிட்டார். எடுத்துப் புரட்டினார். பிடிக்குக் கீழே முழுக் கையும் பழுதில்லாமல் இருந்தது, சிலும்பை வெட்டினாலும் 40 அங்குலம் தேறும். "சின்னவளுக்குப் பத்து பவுண்டுல ஒண்ணு வருமா மாப்ளே?" என்றார். அவளுக்கு ஏழு வயது. மறுநாளே அவளை வரச்சொல்லி, கோடு போட்ட அம்பைக் கையில் கொடுத்து நானே அளந்தேன். 17 அங்குலம்.